அழகர்மலையில் நான் சுமந்த கூடை

யுத்தத்துக்கு முந்தைய ஒரு கோடையில், எனக்குப் பெண் பார்க்க அழகர்மலைதான் தோதான இடம் என்று முடிவு செய்தவர் என் தாய்மாமா. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை, வயது இருபத்தெட்டு, எலும்பும் தோலுமாக ஒரு உடம்பு. இதுவும் தட்டினால் தெருவே சிரிக்கும் என்று வீட்டில் பயந்தார்கள். அவர்களைவிட நான் அதிகமாகப் பயந்தேன்.

மலை என்றால் ஒரு வசதி. இரண்டு வீட்டாரும் தீர்த்தமாட வந்த இடத்தில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி காட்டிக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவில்லை. அதனால், ‘நீங்கதானா அவுக?’ என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. எனக்குச் சொன்ன அடையாளம்: கறுப்புக் குடையோடு தகப்பனார், கிளிப்பச்சைச் சேலையில் பெண். அவர்களுக்குச் சொன்ன அடையாளம்: கறுப்புக் கோட்டு. கோட்டு நண்பனிடம் இரவல்.

அடிவாரத்திலேயே மாமாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. “நீ முன்னால போ மாப்ள, நான் மெதுவா வாரேன்” என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் திருப்பத்திலேயே குடை தெரிந்தது. பக்கத்தில் கிளிப்பச்சை! பெரியவர் கட்டுச்சோற்றுக் கூடையோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். விடுவேனா?

“கொடுங்க, நான் தூக்குறேன்.”

“உங்களுக்கு எதுக்குத் தம்பி சிரமம்?”

“இதெல்லாம் ஒரு கனமா?” என்றேன். கனந்தான். அம்புட்டுப் புளியோதரையும் யாருக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அரை மைல் போவதற்குள் கோட்டைக் கழற்றிச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டேன், வேட்டியை மடித்துக் கட்டினேன். வெறுங்காலில் பாறை சுட்டது. வழியில் ஒரு தடித்த தாட்டான் குரங்கு கூடையைப் பிடித்து இழுத்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். பின்னால் வந்த யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும், வருங்கால மாமனார் பார்க்கிறார் அல்லவா என்று பெருமையாக இருந்தது.

தீர்த்தத்தருகே ஓர் ஆள் ஓடி வந்து கூடையை வாங்கிக்கொண்டார்.

“எங்க மருமகன். எடம் பிடிக்க முன்னாலேயே வந்துட்டாரு” என்றார் பெரியவர். “தங்கமான பிள்ளை தம்பி நீ, நல்லா இருப்பே!”

கிளிப்பச்சைச் சேலை அந்த மருமகனிடம் போய்த் துண்டு கேட்டது. நான் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அட மடையா, மடையா!

அந்த நேரம் பார்த்து முதுகில் ஒருவர் தட்டினார். “ஏப்பா, எறங்கும்போது எங்க கூடையையும் கொண்டாந்து சேத்துடுறியா?”

எனக்கு வந்ததே கோபம். “யோவ், கண்ணு தெரியலையா? என்னையப் பாத்தா சுமை தூக்குறவன் மாதிரியா இருக்கு? சர்க்கார் உத்தியோகஸ்தன்யா நான்!”

கத்தி முடித்த பிறகுதான் அவர் கையிலிருந்த கறுப்புக் குடையைக் கவனித்தேன். அவருக்குப் பின்னால் கிளிப்பச்சையாக ஒரு முந்தானை ஆடியது. நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்த மாமா, “அடடே, அதுக்குள்ள ரெண்டு பேரும் பேசிக்கிட்டீகளா!” என்று வாயெல்லாம் பல்லாக நின்றார். குனிந்த தலையை நான் அப்புறம் நிமிர்த்தவே இல்லை.

நான்காம் நாள் பதில் வந்தது. மாப்பிள்ளைக்கு வாய் நீளம், சரிப்படாது என்று தகப்பனார் சொல்லிவிட்டாராம். எதிர்பார்த்ததுதான். மாமா மட்டும் எழுந்து போகாமல் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார்.

“பொண்ணுக்கு ஒன்னையப் பிடிச்சுத்தான்டா இருந்துச்சாம். மலை ஏறையில ஒன் பின்னாலதான் வந்துச்சாம். ‘யார் வீட்டுக் கூடையோ, குரங்கு இழுத்தும் விடலையே’ன்னு அவுக ஆத்தாகிட்டச் சொல்லுச்சாம்.”

“பொண்ணு பாக்க எப்படி மாமா இருக்கும்?” என்று கேட்டேன்.

“ஏன்டா, எதிர்லதானடா நின்னே?”

நின்றேன். என் கால் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.