எஃப் பன்னிரண்டில் சந்தனம்

வட்டுக்கோட்டையில் லப்டொப் திருத்தும் சுபாஸ்கரனுக்குக் கைராசிக்காரன் என்று பெயர். பதினெட்டு வயதில் றேடியோவில் தொடங்கிய கை; பிறகு டெக், ரீவி, இப்போது கொம்பியூட்டர். "சரிவராது" என்ற சொல் அவன் வாயில் வந்ததே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அந்தச் சொல்லைத்தான் அன்று காலமை உதயகலாவிடம் சொல்லி, அவளை அழ அழ அனுப்பியிருந்தான்.

உதயகலாவின் தகப்பன் நமசிவாயம் மாஸ்டர் செத்து இருபத்தாறு நாள். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை. அது முடிந்து வீட்டுக்கு வருகிற சனத்துக்கு, செத்தவரின் நினைவாக அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகம் கொடுக்க வேண்டும். அதில் போடவேண்டிய வாழ்க்கை வரலாற்றை, மனிசன் நோயில் கிடந்தபடி தானே தட்டி வைத்திருந்தார். வேறு பிரதி கிடையாது. அந்த லப்டொப்தான் ஒருநாள் திடீரென்று படுத்துவிட்டது.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மெசினைப் போட்ட கையோடு எஃப் 12ஐத் தட்டினால் பூட் மெனு வரும். அதில் பென்டிரைவைக் காட்டித் தொடக்கினால், உள்ளே கிடப்பதை எல்லாம் அள்ளிவிடலாம். மூன்று நாளாகத் தட்டினான்; மெனு வரவில்லை. மெல்லத் தட்டினான், அழுத்திப் பிடித்தான், மனதுக்குள் திட்டியபடியும் தட்டினான். வெளியிலிருந்து வேறு கீபோட்டைச் செருகினால், தொடங்கும் நேரத்தில் மெசின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஹாட்டிஸ்க்கைக் கழற்றுவோம் என்றால், எல்லாம் மதர்போட்டோடு ஒட்டிய மலிவுச் சாமான்.

பின்னேரம் மனம் கேளாமல் கீபோட்டில் அந்த எஃப் 12 கட்டையையே நெம்பிக் கழற்றினான். அடியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது. சுரண்டி மணந்து பார்த்தான். சந்தனம்!

போன கிழமை ஆயுத பூசை. திருத்த வந்த மெசின்களையெல்லாம், இதையும் சேர்த்து, திறந்து அடுக்கி, பன்னீரில் தாராளமாகக் கரைத்த சந்தனத்தை ஒவ்வொரு கீபோட்டின் வலது மேல் மூலையிலும் அப்பியவன் வேறு யாருமில்லை. பக்தி கூடினால் இப்படியும் நடக்கும். சந்தனத்தைத் துடைத்துக் கட்டையைப் பூட்டித் தட்டினான். முதல் தட்டிலேயே மெனு வந்து நின்றது.

எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டுப் போன் போட்டான்.

"தங்கச்சி, அப்பா எழுதினது கிடைச்சிட்டுது."

"உண்மையோ அண்ணை? எப்பிடி?"

"அது... உள்ளுக்கை ஒரு பழுது. ஒரு மாதிரிக் கண்டுபிடிச்சிட்டன்." வாய் கூசாமல் சொன்னான்.

"நீங்கள் எங்களுக்குத் தெய்வம் அண்ணை! அம்மா பக்கத்திலை நிக்கிறா. முதல் வரியை ஒருக்கா வாசியுங்கோ, கேக்கட்டும்."

சுபாஸ்கரன் வாசித்தான்: "நான் செத்தபின் என்னைப் புகழ்ந்து பொய் எழுத வேண்டாம். நான் விட்ட பிழைகளை நானே சொல்லிவிடுகிறேன்..."

அதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டான். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது.

"ஏன் அண்ணை நிப்பாட்டிட்டியள்?"

"தங்கச்சி, நான் சொன்ன பழுதெண்டு ஒண்டுமில்லை. பூசைக்கு நான் அப்பின சந்தனம்தான் கட்டைக்குள்ளை இறங்கினது. காலமை உங்களைச் சும்மா அழவைச்சிட்டன்."

போன் கை மாறியது. மாஸ்டரின் மனிசி கதைத்தா.

"உம்மடை பிழை கிடக்கட்டும் தம்பி. அவர் விட்ட பிழையளை வாசியும். நாப்பத்திரண்டு வருசமா நான் அதைக் கேக்கத்தான் காத்திருந்தனான்."