ரெண்டு இட்லியும் ஒரு மாத்திரையும்

பிள்ளைங்களா, காலையில் ஏழு மணி வரைக்கும் அப்பா ஏன் வாயில் ஒன்றும் போடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று ஆளுக்கொரு தடவை கேட்டுவிட்டீர்கள். "பசிக்கல" என்று தட்டிக்கழித்தேன். அது பொய். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான், வருகிற மாதிரி எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு முகாமில் ரத்தம் கொடுத்தேன். கொஞ்ச நாளில் கூப்பிட்டு, உங்கள் ரத்தத்தில் மஞ்சள் காமாலை பி கிருமி இருக்கிறது, விழுப்புரத்தில் கல்லீரல் டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். உங்களுக்கும் அம்மாவுக்கும் ரத்தம் பார்த்தோம். யாருக்கும் இல்லை. உங்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டது அப்போதுதான். எனக்கு மட்டும் தினம் ஒரு மாத்திரை. நிறுத்தவே கூடாது, வெறும் வயிற்றில் போட்டு ரெண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று விழுப்புரம் டாக்டரம்மா சொன்னார். நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் தட்டையும் டம்ளரையும் எடுத்துத் தனியாக ஜன்னலில் வைத்தேன். சாப்பாட்டால் இந்தக் கிருமி ஒட்டிக்கொள்ளாது, சவர பிளேடைத்தான் தனியாக வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். பயம் கேட்கவில்லை. உங்கள் அம்மா பார்த்தாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே எழுந்து இட்லி ஊற்றினாள். அந்த ஜன்னல் தட்டிலேயே ரெண்டு வைத்து நீட்டினாள்.

"சாப்ட்டுட்டு மாத்திரை போடுங்க. வெறும் வயித்துல போட்டா குடல் வெந்துடும்."

"டாக்டரம்மா வெறும் வயித்துலதான்..."

"அவங்களுக்கு இன்னா தெரியும் உங்க வயித்தப் பத்தி? நான்தானே சோறு போட்டுக்கினு இருக்கேன்."

சொல்லிக்கொண்டே என் தட்டிலிருந்து ஒரு துண்டு பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். என்னை ஒதுக்கிவிடுவாளோ என்று ராவெல்லாம் தூங்காதவன் நான். அதற்கப்புறம் அந்த இட்லியை வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? தினமும் சாப்பிட்டேன், கை கழுவின ஈரத்தோடு மாத்திரையும் போட்டேன்.

பல மாதம் கழித்துப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"கிருமி குறையுது. ஆனா குறைய வேண்டிய அளவுக்குக் குறையல. நடுவுல மாத்திரைய விட்டுட்டீங்களா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாத்திரை அட்டைகளைச் சேர்த்து வைத்திருந்த மஞ்சப்பையைக் கவிழ்த்தேன். தின்று தீர்த்த காலி அட்டைகள் அவர் மேஜையெல்லாம் பரவின.

சிரித்துவிட்டார். "குப்பைய ஏங்க இங்க கொட்றீங்க? சரி, நம்பறேன். காலையில எழுந்ததுல இருந்து இன்னா பண்றீங்க, ஒன்னு விடாம சொல்லுங்க."

சொன்னேன். இட்லி வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த மாத்திரை சாப்பாட்டோட போனா உடம்புல சரியா சேராது. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். கல்லீரல் கெட்டுப்போனா அப்புறம் என்னால ஒன்னும் பண்ண முடியாது. அடுத்த வாரம் வீட்டம்மாவையும் கூட்டிக்கினு வாங்க."

அடுத்த வாரம் அவள் எதிரிலேயே எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். உங்கள் அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே கேட்டாள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பியது. அப்புறம் மெதுவாக, "அப்போ இத்தினி நாளா நான்தான் கெடுத்தேனா?" என்றாள்.

"நீ எங்க கெடுத்த? வாயைத் தொறந்து சொல்லாதது நானு. உன் இட்லி மெத்துனு இருந்துச்சு, விட மனசு வரல."

"மெத்துனு இருந்துச்சாம்! உங்களோட ஒரே பேஜாரு." சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "இனிமே ஏழு மணிக்கு முன்ன இட்லி சட்டியத் தொட மாட்டேன். பசிக்குதுன்னு வந்து நின்னீங்க, பாத்துக்கோங்க."

அடுத்த பரிசோதனையில் நன்றாகவே குறைந்திருந்தது. மாத்திரை மட்டும் இன்றுவரை நிற்கவில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது, உங்கள் அம்மாவோடு விழுப்புரம் போய்வந்த மறுநாள் காலைதான். ஐந்து மணிக்கு எழுந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அடுப்படிக்குத் தனியாகப் போய்த் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கினேன். இட்லிச் சட்டி கவிழ்த்தபடி இருந்தது. அதை நிமிர்த்தி, ஏழு மணிக்குத் தயாராகத் தண்ணீர் ஊற்றினேன். இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவினேன். ஜன்னலில் இருந்த என் தட்டை எடுத்துக் கழுவி, உங்கள் தட்டுகளுக்கு நடுவில் செருகி வைத்தேன்.