துவக்கு மருந்துக்கு எந்தத் தராசு

என் மகனுக்கு நாற்பத்துமூன்று வயதில் துவக்குப் பிடிக்கும் ஆசை வந்தது. மற்றவர்களுடைய பிள்ளைகள் அந்த வயதில் விலை கூடிய சைக்கிள் வாங்குகிறார்கள், அல்லது கோயில் நிருவாக சபைக்குள் போய்ச் சண்டை பிடிக்கிறார்கள். இவன் நாங்கள் இருக்கும் கிரெய்கிபர்னிலிருந்து வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் உள்ள ஒரு சுடுகழகத்தில் சேர்ந்தான். பயிற்சி எடுத்தான், லைசன்ஸ் எடுத்தான், ஒரு இரும்புப் பெட்டியைக் கராஜ் சுவரோடு பூட்டினான். பொலிஸ்காரர் ஒருவர் வந்து பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்கு என்று சொல்லிப் போனார். சனிக்கிழமைகளில் தூரத்தில் நிற்கும் கடதாசி வட்டத்தைச் சுடுவதுதான் விளையாட்டு.

"ஷெல்லடிக்குத் தப்பி ஓடி வந்த குடும்பம். இப்ப இவர் காசு கட்டிச் சத்தம் கேக்கப் போறார்" என்றாள் என் மனைவி.

"அங்க ஒருத்தரும் திருப்பிச் சுடமாட்டினம் அம்மா" என்றான் மகன்.

அதோடு நின்றிருந்தால் நானும் பழகியிருப்பேன். சில மாதங்களில், துவக்கு ரவைகளைக் கடையில் வாங்காமல் தானே நிரப்பப் போவதாகச் சொன்னான். சுட்டு முடிந்த வெற்றுக்கோதைக் கழுவி, அதன் அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப் ஒன்றை வைத்து, உள்ளே மருந்தை நிறுத்து ஊற்றி, மேலே, பாய்ந்து போகும் சன்னத்தை இருத்தி அழுத்துவது. கழகத்தில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்களாம். மருந்து என்று அவன் சொன்னது வெடிமருந்தை. அது ஒரு பிளாஸ்டிக் போத்தலில், கறுத்த சீனி போல இருந்தது.

துவக்கை எப்படிப் பிடிப்பான் என்று தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். கன்னம் துவக்கின் மரப்பிடியோடு ஒட்டியிருக்கிறது. மருந்து எரியும் இரும்புக்கும் அவனுடைய வலது கண்ணுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. அளவுக்கு மிஞ்சிய மருந்து போனால் இரும்பு பிளக்கும். பிளந்த இரும்பு எந்தப் பக்கம் வரும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் எல்லாவற்றையும் எண்ணுகிறவன். கேத்தில் கொதிக்கும்வரை எண்ணுவேன். ரயில் பாதைக் கடவையில் நிற்கும்போது போகும் பெட்டிகளை எண்ணுவேன். எண்ணிக்கொண்டிருந்தால் பயம் ஒரு வரிசையில் நிற்கிறது. அந்த வீடியோவுக்குப் பிறகு எனக்கு எண்ண ஒன்றும் கிடைக்கவில்லை. அவனுக்கு இருக்கும் கண் இரண்டுதான்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவன் கேட்டுவிட்டான்.

"அப்பா, நீங்கள்தானே லாப்பில நிறுத்தனீங்கள். டிஜிட்டல் தராசு வாங்கவோ, பழைய கோல்தராசு வாங்கவோ?"

ஊரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில், மூச்சை அடக்கிக்கொண்டு, தலைமயிரின் பாரம்வரை நிறுத்திருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆனாலும் போனைத் திருப்பி அவனிடமே கொடுத்தேன். மனைவி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லாட்டி அவன் யூடியூப்பைக் கேப்பான். பிறகு அதுக்கும் புறுபுறுப்பீங்கள்."

அது உண்மை. தடுக்க முடியாதவன் நல்ல தராசையாவது எடுத்துக்கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை பின்னேரம் கராஜ் மேசையில் இரண்டு தராசுகள் இருந்தன. ஒன்று உள்ளங்கை அளவான டிஜிட்டல், இணையத்தில் வாங்கியது. மற்றது கழகத்தில் உள்ள வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் இரவல் கொடுத்த கோல்தராசு: ஒரு பக்கம் சின்னக் கிண்ணம், மறுபக்கம் பற்கள் வெட்டிய கோல், கோலின்மேல் நகர்த்தி வைக்கும் குண்டு. அடியில் மட்டம் பார்க்க ஒரு திருகாணி. டிஜிட்டலில் இலக்கம் உடனே வந்துவிடும். ஆனால் குளிருக்கும் வெயிலுக்கும் பக்கத்தில் கிடக்கும் போனுக்கும்கூட அது சத்தமில்லாமல் மாறும். கோல்தராசு மெதுவானது, காற்றுப் பட்டால் ஆடும். குண்டை ஒரு பல் தள்ளி வைத்துவிட்டால் அந்தப் பிழையையே கடைசிவரை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டையும் சோதிக்க, பாரம் நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருள் வேண்டும். டிஜிட்டலோடு பெட்டியில் ஒரு படிக்கல் வந்திருந்தது. தராசு செய்தவனே செய்த கல்லை நான் எப்படி நம்புவது?

அப்போதுதான் பவுண் நினைவுக்கு வந்தது. எங்கள் கலியாணத்துக்கு மனைவியின் தாய்மாமன் கொடுத்த, ராசா தலை பொறித்த பவுண் காசு. மைலோ ரின்னுக்குள், பஞ்சில் சுற்றிக் கிடந்தது.

"என்ரை பவுணைத் துவக்குக்குள்ள போட்டுடாதேங்கோ" என்று சொல்லித்தான் எடுத்துத் தந்தாள்.

இந்த வேலையில் எல்லாம் கிரெயின் என்ற அளவில்தான். ஒரு கிராமுக்குப் பதினைந்தரைக் கிரெயினுக்குச் சற்றுக் குறைவு. எட்டுக் கிராமுக்கு 123.5 வரவேண்டும். டிஜிட்டலில் காசை வைத்தோம். 123.3 காட்டியது.

"பவுண் எட்டுக் கிராம் எண்டது ஷுவரா அப்பா?"

"பவுண் எண்டாலே எட்டுக் கிராம்தான். எந்த நகைக்கடைக்காரனையும் கேள்."

"அப்ப இது பிழையோ?"

"புள்ளி ரெண்டு குறைச்சுச் சொல்லுது. எறி."

கோல்தராசில் காசை வைத்தபோது கோல் 123.3க்கும் 123.4க்கும் நடுவே ஆடியது. கராஜ் தரை தண்ணீர் ஓடச் சரிவாகப் போட்டது; மேசை மட்டமில்லை என்று முடிவுசெய்தேன். குண்டை 123.5இல் வைத்து, கோல் நேராக நிற்கும்வரை அடித்திருகாணியை நானே திருகினேன். பக்கத்து வீட்டில் குப்பைத் தொட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. அது ஓயும்வரை காத்திருந்து கோலை இன்னொருமுறை பார்த்தேன். நின்றது. பல வருடங்களாக எனக்குக் கிடைக்காத ஒரு சந்தோஷம் அது. அந்த உற்சாகத்தில் மகன் நாலைந்து கோதுகளை நிரப்பிப் பார்க்க, நான் அவனுடைய தோளோடு நின்று ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினேன். மிச்சத்தை வெள்ளிக்கிழமை இரவு அவன் தனியே நிரப்பினான்.

சனிக்கிழமை விடிய அவன் போய்விட்டான். நான் தேத்தண்ணியோடு போனில் பொன் விலை பார்த்தேன். வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை, பார்ப்பது பழக்கம். அன்றைக்கு ஏதோ ஒரு நினைப்பில் எங்களுடைய அந்தக் காசைத் தேடினேன். படம் வந்தது, அதே ராசா தலை. கீழே பாரம்: 7.98 கிராம்.

மூன்று வேறு பக்கங்களில் பார்த்தேன். மூன்றிலும் அதேதான். எட்டு என்பது நாங்கள் வாயில் சொல்லுகிற கணக்கு. காசு அதற்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் டிஜிட்டல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நல்லாயிருந்த கோல்தராசை நான்தான் திருகிப் பிழையாக்கியிருக்கிறேன். அதில் நிறுத்த மருந்து இப்போது அவனுடைய கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கூடிப் போயிற்றா, குறைந்து போயிற்றா? கேள்வி அவ்வளவுதான். ஆய்வுகூடத்தில் என்றால் தேத்தண்ணி ஆறுமுன் சொல்லியிருப்பேன். மின்சார பில் வந்த உறையின் பின்பக்கத்தில் எழுதினேன். தராசு உள்ளதைவிடக் கூட்டிச் சொல்கிறது, ஆகவே மருந்து குறைவு. நல்லது. திருப்பி எழுதினேன்: திருகாணியை வலப்பக்கம் திருகினேனா, இடப்பக்கமா? திருகினது கிண்ணத்தைத் தூக்குமா, கோலைத் தூக்குமா? ஆகவே மருந்து கூட. மூன்றாம் முறை எழுதும்போது எந்தக் கையால் திருகினேன் என்பதே மறந்துபோயிற்று. முதலில் எழுதியதுதான் சரியாக இருக்கவேண்டும். ஆனால் அதைச் சரியென்று சொல்ல என் தலை என்னை விடவில்லை. குறைந்தால் பரவாயில்லைத்தானே என்று போனைக் கேட்டேன். மருந்து மிகக் குறைந்தால் சன்னம் குழாய்க்குள் சிக்கிக்கொள்ளலாம், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துவக்கே வெடிக்கலாம் என்று போட்டிருந்தது. எவ்வளவு குறைந்தால் என்று போடவில்லை.

மகனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. திரும்ப அடித்தேன்.

மருமகள் வேலைக்குப் போக யூனிபோர்மோடு மேசையில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் மலேசியாக்காரி, நேர்ஸ்.

"மாமா, அவரு எடுக்க மாட்டாரு. போனு காருக்குள்ள இருக்கும். காதுல பெரிய மஃப் மாட்டியிருப்பாரு."

"என்னை அங்க கொண்டுபோய் விடு பிள்ளை."

"இப்ப கெளம்பினா நம்ம போயிச் சேர்றதுக்குள்ள அவரு பாதி சுட்டு முடிச்சிருப்பாரு. என்னா ஆச்சு?"

சொன்னேன். உறையை வாங்கிப் பார்த்தாள். நான் ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் போட்டு, இரண்டையும் வெட்டியிருந்தேன்.

"புள்ளி ரெண்டு கிரெயின்னா எத்தனை கிராம் மாமா?"

"பதின்மூண்டு மில்லிகிராம்."

"அது ஒரு உப்புக்கல்லு அளவு லா."

"நீ நேர்ஸ். பதின்மூண்டு மில்லிகிராம் கூடக் குடுப்பியா?"

அவள் பாணை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. கழகத்தின் இலக்கத்தைத் தேடி அடித்துத் தந்துவிட்டு வேலைக்குப் போனாள். பதிவுசெய்த ஒரு குரல், திறந்திருக்கும் நேரங்களைச் சொல்லிவிட்டு நின்றது.

மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் சாமி அறையிலிருந்து வந்து, நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அந்தக் காசு எந்த நகைக்கடையிலயும் எட்டுக்குக் கொஞ்சம் குறையத்தான் காட்டும். அவங்கள்தான் கள்ளங்கள் எண்டு நான் எத்தினை கடையில கோவிச்சுக்கொண்டு இறங்கி வந்தனான்."

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லேல்லை?"

"என்னை ஆர் கேட்டது? எறி எண்டு சொன்னது நீங்கள்."

பிறகு அவள் கதிரையை ஜன்னலுக்கு முன்னால் இழுத்துப் போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் இன்னொரு கதிரையில். மகன் எடுக்காத அழைப்புகளை எண்ணத் தொடங்கி, பதினேழில் நிறுத்தினேன். எங்களுக்கு முன்னால் வெள்ளை நிறக் கார்கள்தான் போய்க்கொண்டிருந்தன. அவனுடையதும் வெள்ளை.

மூன்று மணிக்கு வந்தான். நான் கராஜ் வாசலில் நின்று அவனுடைய முகத்தைப் பார்த்தேன். வலக்கன்னத்தில் மரம் அழுத்திய சிவப்பு. கண்கள் இரண்டும் இருந்தன.

"என்ன அப்பா இவ்வளவு மிஸ்ட் கோல்? அம்மாக்கு ஏதும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தத் தராசை வெள்ளிக்கிழமை நான் திருப்பி சைபருக்குக் கொண்டுவந்துதான் நிறுத்தனான் அப்பா. வியாழக்கிழமை நிரப்பினதுகளைக் கொட்டிட்டன். ஒவ்வொருக்காத் தொடங்கேக்கையும் வெறும் கிண்ணத்தோட சைபர் பாக்கவேணும். புத்தகத்தில முதல் பக்கத்திலயே கிடக்கு."

"அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சரியான ஹாப்பியா இருந்தனீங்கள்."

ஆறுதல் என்று நினைத்துக் காத்திருந்தது வந்தபோது அதில் எனக்கு ஒரு பங்கும் இருக்கவில்லை. நான் திருகியிருந்தாலும் திருகாவிட்டாலும் அவன் இதே கன்னத்தோடு திரும்பியிருப்பான்.

"அப்ப எந்தத் தராசு?" என்று கேட்டேன்.

"ரெண்டும். டிஜிட்டலில நிறுக்கிறது. பத்துக்கு ஒண்டைக் கோல்தராசில பாக்கிறது. ஒத்து வராட்டி எல்லாத்தையும் கொட்டிப்போட்டு முதலிலயிருந்து."

அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

"சரி. இனி நான் பக்கத்தில நிக்கிறன். நீ ஊத்து, நான் எண்ணுறன். கண் ரெண்டைவிட நாலு நல்லது."

அவன் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"அதுதான் வேண்டாம் அப்பா."

"ஏன்?"

"வியாழக்கிழமை நீங்கள் பக்கத்தில நிண்டு எண்ணிக்கொண்டிருக்கேக்கை, ஒரு கோதுக்குள்ள நான் ரெண்டுதரம் ஊத்திட்டன். கோது வாய்மட்டத்துக்கு நிரம்பினபடியால் கண்டனான். கொட்டிட்டன். தராசு ஒரு பிரச்சினையும் இல்லை அப்பா. நிரப்பேக்கை ஒருத்தரும் கதைக்கக்கூடாது. அவ்வளவுதான்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவன் போனைக் குசினி மேசையில் வைத்துவிட்டுக் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ரேடியோவை நிறுத்தச் சொன்னேன்; மனைவி நிறுத்தினாள். நான் வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்குப் போகும் கதவோடு நின்றேன். கோதுகள் பலகையில் வைபடும் சத்தம் கேட்டது: டக், டக். எண்ணினேன், மனதுக்குள். ஒன்பதோ பத்தோ ஆனபோது சத்தம் நின்றது. நிறுக்கிறானா, யோசிக்கிறானா, பிழை விட்டுவிட்டானா தெரியவில்லை. கதவைத் தட்டக் கை போயிற்று. தட்டினால், அவன் இன்னொரு கோதுக்குள் இரண்டுதரம் ஊற்ற அதுவே போதும்.

எனக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பின்கதவால் இறங்கி, தோட்டத்தின் கடைசி வேலிவரை நடந்தேன். சுவெற்றரைக் கழுத்திலிருந்து இழுத்து, அதற்குள் முகத்தைப் புதைத்து இருமினேன். உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் பார்த்து, சுகமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கையால் சுகம் என்று காட்டினேன். கராஜுக்குள் என் இருமல் போயிருக்குமா என்று தெரியவில்லை. உள்ளே போய் விசாரிக்கவும் முடியாது. அவன் முடித்துவிட்டுத் தானாகக் கதவைத் திறக்கும்வரை அந்த வேலியோடுதான் நிற்கவேண்டும்.