உயிரோடிருக்கும் குழந்தைகள்

மூன்றாவது தடவை நான் முழுகாமல் இருந்தபோது ஆபீஸில் எல்லோருக்கும் வாய் முளைத்தது. தொண்ணூறுகளின் நடுவில், திருவனந்தபுரத்தில் ஒரு மத்திய அரசு ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். படித்தவர்களே இப்படியா என்று சாப்பாட்டு நேரத்தில் என் காதுபடப் பேசினார்கள். அவர்களுக்குச் சின்னக் குடும்பம் என்பது ஊர்ப் பெருமை. பாண்டிக்காரி (தமிழச்சியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஒருத்தி வந்து அதைக் கெடுக்கிறாள் என்று நினைப்பு.

பிரசவ லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி என் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினார். ஏற்கெனவே இரண்டு பிரசவத்துக்கு எடுத்தாகிவிட்டது, இரண்டு பிள்ளைக்கு மேல் லீவு கிடையாது, ஜனத்தொகையைக் குறைக்க அரசாங்கமே போட்ட சட்டம் என்றார். வேண்டுமானால் சம்பளமில்லாமல் இருந்துகொள்ளலாமாம். என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடைச் சிப்பந்தி. என் சம்பளம் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது.

எனக்கு இரண்டாவதாகப் பிறந்தவன் எட்டாம் மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அது அந்தப் புத்தகத்தில் இல்லை. அவன் பிறந்ததற்குப் பிரசவ லீவு உண்டு, அதனால் பிறந்தது ஏறியிருந்தது. செத்ததற்கு நான் மூன்று நாள் கேஷுவல் லீவு போட்டேன், அவ்வளவுதான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. என் பிள்ளை செத்ததை இவர்களிடம் காட்டி லீவு கேட்பதா என்று ஒரு வீம்பு. வயிற்றில் இருக்கிறதையும் கொஞ்சம் நினைத்துப் பார் என்று வீட்டுக்காரர் ராத்திரியும் பகலும் கெஞ்சினார். கடைசியில் எங்கள் வீடு இருந்த கரமனையிலிருந்து பஸ் ஏறிப் போய் நகரசபையில் மரணச் சான்றிதழ் வாங்கினேன். அதுநாள்வரை அந்தக் காகிதம் எங்களுக்கு எதற்கும் வேண்டியிருக்கவில்லை. பெயர் என்ற இடத்தில், நாங்கள் வைத்த பெயர் இல்லாமல், ஆண் குழந்தை என்று மட்டும் போட்டிருந்தது.

அதிகாரி அதைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது அந்த மனுஷனுக்கு.

“அப்போ பிரஷ்னம் இல்லல்லோ” என்றார், சிக்கல் தீர்ந்துவிட்ட மாதிரி.

ஃபாரத்தில் ‘உயிரோடிருக்கும் குழந்தைகள்’ என்ற இடத்தில் ஒன்று என்று அவரே எழுதி, லீவு கிடைக்கும், தைரியமாகப் போங்கள் என்றார். கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது எனக்கு. ஆனால் கும்பிட்டு நன்றி சொன்னேன். நன்றி சொன்னேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பெண் பிறந்தாள். லீவு முடிந்து போன அன்று ஆபீஸில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். அதிகாரி ஒன்றை எடுத்துக்கொண்டு, தகப்பன் மாதிரிக் கனிவாகச் சொன்னார்.

“ரெண்டாச்சு. இனி போதும், நிறுத்திக்கலாம்.”

“மூணு, சார்” என்றேன்.

அவர் வாயில் லட்டு இருந்தது. மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். அவர் பார்வையைப் பார்த்தால், எனக்குக் கணக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருக்க வேண்டும்.