பத்திரகாளி காதில் கேட்ட சத்தம்

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் சரவெடி பின்னுகிறாள் பத்திரகாளி. கண்ணை மூடிக்கொண்டு பின்னினாலும் ஒரு வெடி விலகாது. அப்படிப்பட்ட கைக்காரி, போன ஆடியில், ஒரு நாய்க்குட்டியை ஏந்திக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

குட்டியைக் கொண்டுவந்தவன் அவள் புருஷன் உக்கிரபாண்டி. லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். சாத்தூர் ரோட்டில் தாய் நாய் அடிபட்டுக் கிடக்க, பக்கத்தில் இது முனகிக்கொண்டிருந்ததாம். பிள்ளையில்லாத வீடு. இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு பாலும் ரொட்டியும் ஊட்டினார்கள். ஒரு வாரம் துள்ளி விளையாடிய குட்டி எட்டாம் நாள் சுருண்டு படுத்து வாந்தி எடுத்தது. விடிந்தபோது ரத்தமாகப் போயிருந்தது.

"பொளைக்காது போலருக்கு. விட்ரு" என்றான் உக்கிரபாண்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவள் குட்டியை முந்தானையில் சுற்றி, வேலைக்குப் போகாமல் கால்நடை மருந்தகத்துக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே ஞானதீபம் என்ற பெண் டாக்டர் இருந்தார். "பூச்சி மருந்து குடுத்தீகளா? தடுப்பூசி?" என்று கேட்டார்.

"வெறிநாய்க்குப் போடுற ஊசிதான தெரியும் டாக்டரம்மா. வேற இருக்கா?"

"இருக்குக்கா. ஒன்றரை மாசத்துலயே முத ஊசி போடணும். இது பார்வோங்கிற கிருமி. கொடலையே அரிச்சிரும். அந்தக் கிருமியக் கொல்ல நேரடி மருந்து கெடையாது. ஒடம்புல தண்ணி வத்தாமப் பாத்துக்கிடுவோம். சண்ட போட வேண்டியது இதுதான்."

முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து, "இங்கன அமுக்கிப் பிடிங்க" என்றார். பத்திரகாளி பிடித்தாள். தோலுக்கடியில் நீலமாக ஒரு கோடு எழும்பியது. அவள் பின்னுகிற நூலைவிட மெல்லிசு. அதற்குள் டாக்டர் ஊசியை நுழைத்தார். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்குவதைப் பார்த்தபடியே இருந்தாள். இம்புட்டூண்டு காலுக்குள் இப்படி ஒரு வழி போட்டு வைத்தது யார்?

தினமும் குட்டியோடு வந்தாள். மூன்றாம் நாள் உக்கிரபாண்டியும் லோடை விட்டுவிட்டு வந்தான். மருந்து பாட்டில் மாட்டுகிற ஸ்டாண்டில் ஓர் ஆட்டுக்கு ஏறிக்கொண்டிருந்ததால், குட்டியின் பாட்டிலை அவனே தூக்கிப் பிடித்தான். ஞானதீபம் தன் காதிலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிப் பத்திரகாளிக்கு மாட்டிவிட்டார்.

தடதடவென்று ஒரு சத்தம். எண்ண முடியவில்லை. கண்ணைத் திறக்கவும் தெம்பில்லாத குட்டிக்குள் அம்புட்டு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது உயிர்.

"ஏங்க, இங்கன கேளுங்க" என்று அதைப் புருஷன் காதில் வைத்தாள். அவன் கேட்டான். பாட்டிலைப் பிடித்த கை அப்படியே இருக்க, மற்றக் கையால் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டான், இருக்கன்குடிக் கோயிலில் ஆத்தா முன்னால் நிற்கிறவனைப் போல.

ஐந்தாம் நாள் குட்டி எழுந்து, தள்ளாடி, தண்ணீர் நக்கியது.

"தரைய பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்க. வேற குட்டி எதையும் வீட்டுக்குள்ள விடாதீங்க" என்றார் டாக்டர். "கம்பெனி விட்டு வந்ததும் கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தூக்குங்கக்கா. வெடிமருந்துத் தூள நக்கிரும். தேறினதும் கூட்டிட்டு வாங்க, பூச்சி மருந்து, தடுப்பூசியெல்லாம் பாத்துக்கிடுவோம். மூணு மாசத்துல வெறிநோய் ஊசி."

ஒன்றையும் அவள் தவறவிடவில்லை. குட்டி வளர்ந்து இப்போது வாசலையே அடைத்துக்கொண்டு படுக்கிறது. அதோடு அவளும் விடவில்லை. தெருவில் எந்த நாய் குட்டி போட்டாலும் முதல் ஊசிக்கு நாள் கணக்கு வைத்துக்கொள்கிறாள்.

போன மாதம் பட்டாசு அட்டைப்பெட்டி ஒன்றோடு பஸ் ஏறினாள். கண்டக்டர் மறித்தார். "வெடியெல்லாம் பஸ்ஸுல ஏத்தக் கூடாதுக்கா!"

மூடியைத் திறந்தாள். ஐந்து குட்டித் தலைகள் எழும்பின. முன் சீட்டுக்காரர் எழுந்து நின்று, பெட்டி வைக்க இடம் கொடுத்தார்.