ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போன ஷாமளா

ஷாமளாவுக்கு ஆங்கிலம் வராது என்று சொல்ல முடியாது. வரும், நாக்கு நுனிவரைக்கும் வரும். வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், கூலாயில் ஓர் அரசாங்கப் பள்ளி அலுவலகத்தில் ஒப்பந்த வேலை அவளுக்கு. ஆங்கிலம் பேசுகிற பெற்றோர் யாராவது வந்து நின்றால், கோப்பு தேடுகிற சாக்கில் உள்ளறைக்குப் போய்விடுவாள். நாற்பது வயதைத் தாண்டியும் இந்தக் கண்ணாமூச்சி ஓயவில்லை.

இப்படியே காலம் தள்ளியிருப்பாள். ஆனால் தம்போயில், அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் கிளினிக்கில் முகப்பில் உட்கார ஆள் தேடினார்கள். நிரந்தர வேலை. மேலாளருக்கு ஷாமளாவைப் பிடித்துப்போயிற்று. ஆங்கிலப் பேச்சு வகுப்பில் தேறிய சான்றிதழை மட்டும் கொண்டு வா, மாதக் கடைசிவரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன் என்றார்.

வகுப்பு நடத்தியவர் ருக்னுதீன் சார். கீழே அவருடைய தம்பியின் சாப்பாட்டுக் கடை, மேல்மாடியில் இவருடைய வகுப்பு. சனிக்கிழமைதோறும் கீழேயிருந்து மீன்கறி வாசம் ஏறி வர, மேலே பெரியவர்கள் பதினைந்து பேர் ஆங்கிலம் படிப்பார்கள். முடிவில் ஒரு தேர்வு: எழுந்து நின்று, ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லி, கேட்பவர்களைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். போன முறை ஷாமளா மேடையேறி நின்றாள். நின்றாள் என்பதோடு சரி. ஒரு வார்த்தை வாயிலிருந்து விழவில்லை, இறங்கி வந்துவிட்டாள். சார் யாருக்கும் இரண்டு தடவைக்கு மேல் வாய்ப்புக் கொடுப்பதில்லை. அவளுக்குப் பாக்கியிருந்தது இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான்.

தேர்வுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, படித்ததையெல்லாம் ஒரு முறை திருப்பிப் பார்த்தார்கள். சார் எல்லாரையும் மாடி வராந்தாவுக்குக் கூட்டிப் போய் எதிர்வரிசைக் கடைகளைக் காட்டினார்.

"அந்த போன் கடைக்காரன் என்ன எழுதி வச்சிருக்கான் பாருங்க. இன்னிக்கே கடைசி நாளாம். தீபாவளியிலேர்ந்து அந்த பேனர் அங்கதான் தொங்குது. அவசரப்படுத்தி வாங்க வைக்கிறது, அதுவும் ஒரு உத்தி."

"உங்க தம்பி கடையில 'பசிக்குதா?'ன்னு போட்டிருக்கே சார்?" என்றாள் ஷாமளா.

"பதிலை எதிர்பார்க்காத கேள்வி. பதில் அவனுக்கே தெரியும் லா. கீழ பாரு, சூடா, சுவையா, மலிவா. மூணு மூணா சொன்னா காதுல நிக்கும்."

உவமை, உருவகம், உயர்வு நவிற்சி, சொன்னதையே திரும்பச் சொல்வது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்குவதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரை ஆங்கிலத்தில் சொன்னபோது, இது நம்ம மோனைதானே, இதற்கா இவ்வளவு நாள் பயந்து செத்தேன் என்று ஷாமளாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. உத்தி எல்லாம் அத்துப்படி. பயம் உத்தியில் இல்லை. எழுந்து நிற்பதில் இருந்தது.

"நாளைக்கு ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திருவேன்" என்றார் சார். "மார்க் போட வெளியிலேர்ந்து டீச்சர் வர்றாங்க. லேட்டா வந்து என் மானத்தை வாங்காதீங்க."

மறுநாள் ஷாமளா விடியுமுன்னே எழுந்தாள். கணவன் கமலநாதன் நல்ல தூக்கத்தில் இருந்தான். குளித்தாள், உடுத்தினாள், கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாள், எட்டு மணிக்கு மேல் காரை எடுத்தாள். வழியெல்லாம் பேச்சை ஒப்பித்துக்கொண்டே போனாள். கூரையில்லாத பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போடச் சொல்லும் பேச்சு அது. சிவப்பு விளக்கில் நின்றபோது, பதில் எதிர்பார்க்காத கேள்வியைப் பக்கத்துக் காரைப் பார்த்துக் கேட்டாள். அந்த ஆள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். பேச்சு தங்குதடையில்லாமல் வந்தது. முடித்த இடத்தில் கார் நின்றது. நின்ற இடம் கூலாய். எதிரே பள்ளிக்கூடத்து கேட், பூட்டியபடி.

ஜோகூரில் பத்து வருடத்துக்கு மேல் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறு வேலை நாள். அந்த ஆண்டு பிறந்ததும் அதைச் சனி, ஞாயிறு என்று மாற்றினார்கள். அறிவிப்பு மண்டைக்குத்தான் வந்தது. கைக்கும் காலுக்கும் யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை வகுப்பு முடிந்தால் மறுநாள் காலை கார் கூலாய்க்குப் போகும், அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும்.

கேட் காவலாளி வேலு கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தான். "என்னக்கா, இன்னிக்கு லீவு லா. வீட்டுக்குப் போயி தூங்குங்க."

ஷாமளா காரைத் திருப்பிக்கொண்டு பறந்தாள். கிளினிக் வேலை போச்சு, சான்றிதழ் போச்சு, எல்லாம் போச்சு என்று வழிநெடுகப் புலம்பினாள். தன்னையறியாமலே மூன்று மூன்றாகத்தான் புலம்பினாள். தம்போய்க்கு வந்து மூச்சிரைக்கப் படியேறும்போது ஒன்பது மணி எப்போதோ தாண்டியிருந்தது.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ருக்னுதீன் சார் போனும் கையுமாக நடந்துகொண்டிருந்தார்.

"உக்காரும்மா. டீச்சர் இன்னும் வரல" என்றார்.

ஷாமளா தொப்பென்று நாற்காலியில் விழுந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் டீச்சரும் வந்து சேர்ந்தார். ஜன்னத்துல் பிர்தௌஸ் என்று பெயர், ஜோகூரின் மறுகோடியில் இருக்கும் மூவாரில் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. வார இறுதியில் தம்போயில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வருபவர். முகமெல்லாம் வேர்வை. "சாரி சார், ரோட்டுல ஜாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன ஜாம் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியாக வந்தவள் முதலில் பேசட்டும் என்று சார் ஷாமளாவைக் கூப்பிட்டுவிட்டார். அவள் எழுந்து முன்னால் போய் நின்றாள். பஸ் நிறுத்தம் மறந்துபோயிற்று. கூரையும் மறந்துபோயிற்று. போன தடவை மாதிரியே இறங்கிப் போய்விடலாமா என்று கால் வாசல் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான் என்று நினைத்துத் தலையைத் தூக்கினாள். அப்போதுதான் டீச்சரின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பெயர் அட்டை. வேலை நாளில் மட்டும் மாட்டுகிற அட்டை.

ஷாமளாவுக்குப் பயம் விட்டுப்போயிற்று. அப்படியே கழன்று விழுந்துவிட்டது.

"இன்று காலை நான் வேலைக்குப் போனேன்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். "ஞாயிற்றுக்கிழமை யாராவது வேலைக்குப் போவார்களா? நான் போனேன். என் கார் போயிற்று, என் கால் போயிற்று, என் மூளை மட்டும் வீட்டில் படுத்திருந்தது."

அறை சிரித்தது. அவள் நிறுத்தவில்லை. பூட்டிய கேட்டைச் சொன்னாள், வேலுவைச் சொன்னாள். பத்து வருடப் பழக்கத்தை ஒரே வாரத்தில் கழற்றிப் போட நாங்கள் என்ன சட்டையா என்று கேட்டாள். ஆகவே ஜோகூர்க்காரர்கள் எல்லாருக்கும் ஓராண்டு மன்னிப்பு தர வேண்டும், இந்த ஆண்டு தாமதமாக வருகிறவர் யாரையும் ஏன் என்று கேட்கக்கூடாது என்று வாதாடினாள். டீச்சரின் கை மெல்ல மேலே போய் அட்டையைப் பற்றிக்கொண்டது. ஷாமளா அந்தப் பக்கமே பார்க்காமல் பேசி முடித்தாள்.

டீச்சர் ஏதோ எழுதிவிட்டு நிமிர்ந்தார். "ஒரே ஒரு கேள்வி. அந்த கேட் காவலாளி உங்களை என்ன பண்ணச் சொன்னாரு?"

"வீட்டுக்குப் போயி தூங்கச் சொன்னான் டீச்சர்."

ஜன்னத்துல் பிர்தௌஸ் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் பாதி வழியிலேயே திரும்பிட்டேன்" என்றார். "கேட் வரைக்கும் போகல."

ருக்னுதீன் சார் விழுந்து விழுந்து சிரித்தார். ஷாமளா தேறிவிட்டாள்.

சான்றிதழ் கைக்கு வந்த அன்றே கிளினிக் மேலாளருக்குப் போன் போட்டாள். முழுக்க ஆங்கிலத்தில்தான் பேசினாள்; எந்த அறைக்குள்ளும் ஓடவில்லை, தப்பாக வந்த சொல்லைக்கூடத் தப்பாகவே சொல்லிவிட்டு மேலே போனாள். கடைசியில், வாரத்தில் எனக்கு எந்த நாள் விடுமுறை என்று மறக்காமல் கேட்டாள். பதிலைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என்னவோ ஏதோ என்று கமலநாதன் குளியலறையிலிருந்து துண்டோடு ஓடி வந்தான்.

"புதன்கிழமையாம்" என்றாள் ஷாமளா.