தரையில கால் படக்கூடாது

ஏன்டி, உனக்கு வேற சோலியே இல்லையா? செல்லுல யாரோ பச்சப்புள்ளைக்கு ஆப்பரேசன், காசு போடுங்கன்னு படம் வந்துச்சுன்னா, மனசிருந்தாப் போடு, இல்லைன்னா தள்ளிவிட்டுட்டுப் போ. "நன்னி, உங்க காலத்துல செல்லே கெடையாதே, ஆப்பரேசனுக்கு எப்புடி வசூல் பண்ணீக"ன்னு என்னையப் போட்டுக் குடையிறே. எம்மகன், உன்னையப் பெத்த அத்தாவே இத்தன வருசத்துல ஒரு வாட்டி கேட்டதில்ல. சொன்னா மட்டும் கால் அமுக்கிவிடப் போறியா? சரி, அமுக்கு. அந்தக் கால் இல்லடி, இந்தக் கால்.

எனக்கு அப்ப ஒம்போது வயசு இருக்கும். எங்க நன்னி, அதேன் அம்மாவப் பெத்தவுக, பதினொன்னுன்னு சொல்லுவாக. அவுகளுக்கு என்னையச் சீக்கிரம் கட்டிக் குடுத்துறணும்னு அவசரம்.

எங்க அம்மாவுக்கு வயித்துல கட்டி. கையும் காலும் சுள்ளியா வத்திப்போச்சு, வயிறு மட்டும் பெருத்துக்கிட்டே வருது. தெரியாதவுக வந்தா "எத்தன மாசம்மா"ன்னு கேப்பாக. அம்மாவும் சளைக்காம, "பதினாலு முடிஞ்சிருச்சு, ஆனைக்குட்டி போல"ன்னு சொல்லும். எல்லாரும் சிரிப்போம். சிரிச்சு முடிச்சதும் அம்மா சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கும்.

அத்தாவுக்குத் தோல்ஷாப்புல வேலை. சுண்ணாம்புத் தொட்டியில ஊறுன ஆட்டுத்தோலு முடியெல்லாம் சுரண்டணும். ஊரு டாக்டரு அவுகளக் கூப்புட்டு, "மதுரைக்குக் கொண்டுபோயி வயித்தக் கிழிச்சு எடுக்கணும், மழை தொடங்குறதுக்குள்ள பண்ணிரு, அதுக்கு மேல தாங்காது"ன்னுட்டாரு. எம்புட்டு ஆகும்னு அவரு சொன்னதக் கேட்டு அத்தா சிரிச்சாகளாம். அழுகிறதுக்குக்கூட ஒரு அளவு தெரியணும்ல. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு பள்ளிவாசல் வாசல்ல துண்டு விரிச்சாக. எல்லாரும் போட்டாக, குறை சொல்லக் கூடாது. ஆனா போட்டவுகளும் தோல்ஷாப்பு, புரோட்டாக்கடைன்னு நம்மள மாதிரிதேன். விழுந்த காசு பஸ்ஸுக்கும் பன்னுக்கும் காணும், கத்திக்குக் காணாது.

அம்மாவுக்குத் தம்பி ஒருத்தரு, எங்க மாமு. வாடகை சைக்கிளு கடை வச்சிருந்தாரு. ஆறு சைக்கிளு, அதுல நாலு ஓடும். அவரு வந்து கட்டிலுகிட்ட நின்னு, "அக்கா, அஞ்சு நாளைக்கு நான் சைக்கிள விட்டு எறங்குறதா இல்ல"ன்னாரு.

அப்பல்லாம் அது பெரிய வித்தைடி. பொட்டல்ல கயிறு கட்டி வட்டம் போட்டுருவாக. ஒரு ஆளு ராவும் பகலும் அதுக்குள்ள சுத்திக்கிட்டே கெடப்பான். தரையில கால் படக்கூடாது. திங்கிறது, குளிக்கிறது, பல்லு வெளக்குறது எல்லாம் ஓட்டிக்கிட்டேதேன். பாக்க வந்த சனம் தட்டுல காசு போடும், வசதியுள்ளவுக சட்டையில நோட்டக் குத்திவிடுவாக. கால் பட்டுச்சுன்னா தோத்தான், கூட்டம் கலைஞ்சிரும். மத்ததெல்லாம் எங்க போவாருன்னு கேக்காத. நான் கேட்டதுக்கு நன்னி வாயிலயே போட்டாக.

எங்க ஊரு மலைக்கோட்டைக்குக் கீழ ஒரு பொட்டல்ல ஆரம்பிச்சாக. கல்யாண வீட்டுல பிரியாணி ஆக்குற மாமுவோட கூட்டாளிதேன் மைக்கப் புடிச்சாரு. அடுப்புப் பொகையில நின்னு கத்திப் பழகுன தொண்டை. "உயிருக்குப் போராடும் ஒரு உத்தமப் பெண்மணிக்காக"ன்னு அவரு தொடங்குனா, யாரோ பாவம்னு நானே அழுதுருவேன். அது வீட்டுல என்னையத் தொடப்பக்கட்டையால அடிக்கிற அம்மான்னு செத்த நேரம் கழிச்சுத்தேன் நெனப்பு வரும். தட்டு ஏந்துறது என் சோலி. ஓரெடத்துல நிக்க மாட்டேன்ல, அதுக்காகவே என்னையப் போட்டாக.

மொத ரெண்டு நாளும் நல்ல கூட்டம். காசு இல்லாதவுக சாமானாக் குடுத்தாக, மைக்காரரு அத ஏலம் விட்டாரு. சிறுமலையில இருந்து எறங்குன ஒருத்தரு வாழத்தாரையே எறக்கி வச்சுட்டுப் போயிட்டாரு. தாடிக்கொம்பு வெவசாயி ஒருத்தரு சேவலு குடுத்தாரு. அத ஏலம் எடுத்தவரு திரும்பவும் நமக்கே குடுத்துட்டாரு. அவரப் பாத்து அடுத்தவரும் அப்படியே. ஒரே சேவலு ஏழு வாட்டி ஏலம் போச்சு. மாமுவுக்கு முன்னாடி அதுக்குத்தேன் தலை சுத்துச்சு.

மூணாம் நாளு தட்டு காஞ்சுபோச்சு. மாமு என்னமோ சுத்துறாரு, சனம் கொட்டாவி விடுது. டீக்கடையில பேச்சு கெளம்பிருச்சு. நோயாளின்னு ஒருத்தி நெசமாவே இருக்காளா, இல்ல இவன் புது சைக்கிளு வாங்கச் சுத்துறானான்னு. மைக்காரரு வீட்டுக்கு ஓடியாந்து, "அக்காவ ஒரே ஒரு வாட்டி கொண்டாந்து காட்டிருவோம்"னாரு.

நன்னி எகிறிட்டாக. "எம்மக என்ன பொருட்காட்சி சாமானா?" எங்க தெருப் பொம்பளைக துப்பட்டி போத்தாம வாசப்படி தாண்டாத காலம். அத்தா தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தாக. அம்மாதேன் கட்டிலுல இருந்து, "நான் வாரேன்"னுச்சு.

மறுநா மத்தியானம் வெந்நி வச்சுக் குளிச்சுச்சு. கல்யாணச் சேலைய எடுக்கச் சொல்லிச்சு. கண்ணுக்குச் சுருமா, தலைக்கு ஒரு பந்து மல்லியப்பூ. பவுடர் டப்பாவ எங்கிட்ட குடுத்து, "பூசுடி"ன்னுச்சு. நான் பூசுனேன். "இன்னும் பூசு"ன்னுச்சு. கன்னத்துக் குழி ரெண்டும் நெரம்புற வரைக்கும் பூசுனேன். நன்னி எட்டிப் பாத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டாக.

அம்மாவ ஏத்திக்கிட்டு ஜட்கா, அதேன் குதிர வண்டி, பொட்டலுக்கு வந்து நின்னுச்சு. மைக்காரரு உருகி உருகிப் பேசி, வண்டித் திரைய வெலக்குனாரு.

சனம் கயித்துக்கு மேல எக்கி எக்கிப் பாத்துச்சு. அப்பறம் ஒரு பொம்பள, "ஆத்தீ, இவளா சாகக் கெடக்கா? கல்யாணப் பொண்ணால்ல இருக்கா!"ன்னா. பக்கத்துல இருந்தவ, "வயித்தப் பாருக்கா. முழுகாம இருக்கிறவளுக்கு வளைகாப்பு வைக்க நம்மகிட்ட வசூலு"ன்னா. கொல்லுன்னு சிரிப்பு. மீச வச்ச ஆளு ஒருத்தரு நேரா எங்கிட்ட வந்து, நான் போட்ட காசக் குடுன்னு தட்டுல கைய விட்டு எட்டணாவ எடுத்துட்டாரு. அவரு போட்டது நாலணாதேன், எனக்குத் தெரியும்.

அம்மா திரைய இழுத்து விட்டுக்கிச்சு. சனம் வேட்டிய ஒதறிக்கிட்டுக் கெளம்புது. மாமு மட்டும் சுத்துறாரு. நாலு நாளாத் தூங்காத கண்ணு, ரெண்டும் மிளகாப்பழம்.

சைக்கிளு எங்கிட்ட வந்தப்ப, "ஏ குட்டி"ன்னுட்டுப் போயிட்டாரு. சுத்துக்கு ஒரு பேச்சுதேன் பேச முடியும். அடுத்த சுத்துல, "தட்டக் கீழ வையி"ன்னாரு. வச்சேன். அதுக்கடுத்த சுத்துல, "ஜட்காகிட்ட வாரப்ப குறுக்க ஓடு"ன்னாரு. "எதுக்கு மாமு?"ன்னு கத்துனேன். பதிலுக்கு ஒரு முழுச் சுத்து காத்துக் கெடந்தேன். வந்தாரு. "ஆருகிட்டயும் சொல்லாத"ன்னாரு.

ஏதோ புது வித்தை காட்டப் போறாருன்னு எனக்கு ஒரே குதியாளம். நான் ஓடுவேன், மாமு சைக்கிள ஒடிச்சு வளைச்சுப் போவாரு, எல்லாரும் கை தட்டுவாக. பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடுனேன்.

மாமு ஒடிக்கத்தேன் செஞ்சாரு. சைக்கிளு ஒரு பக்கம், மாமு ஒரு பக்கம். முழங்கை முறிஞ்ச சத்தம் சுள்ளி ஒடிச்ச மாதிரி கேட்டுச்சு. மண்டையில இருந்து ரத்தம். கெளம்புன கூட்டம் அப்படியே திரும்புச்சு.

அடுத்து நடந்தது மாமு கணக்குலயே இல்லாதது. நாலு மாசமா நடக்காத அம்மா, "எந்தம்பி!"ன்னு ஜட்காவுல இருந்து குதிச்சிருச்சு. மூணு எட்டு வச்சிருக்கும். வேர்வையில பவுடரு வரிவரியா வழிஞ்சு ஓடுது, சேல நழுவி முட்டிக்குக் கீழ ரெண்டு குச்சி தெரியுது. மூணாவது எட்டுல அப்படியே மண்ணுல மடங்கிருச்சு.

வளைகாப்புன்னு சிரிச்சாளே, அவதேன் மொதல்ல ஓடியாந்தா. அம்மா தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, காதுல கெடந்த தோட்டக் கழட்டி என் தட்டுல போட்டுட்டு மாருல அடிச்சுக்கிட்டு அழுதா. அதுக்கப்பறம் தட்டு பத்தல. மாமுவோட துண்டு, மைக்காரரு துண்டு, கடைசியில என் பாவாட முன்னாடி.

அன்னைக்குச் சாயந்தரமே தோல்ஷாப்பு லாரியில தோலு மூட்டைக்கு நடுவுல ரெண்டு பேரையும் மதுரைக்கு ஏத்திட்டுப் போனாக. நாத்தத்துக்கு அம்மா தலைப்பூவையே மூக்குல வச்சுக்கிச்சாம்.

அம்மா பொழைச்சுருச்சு. கட்டி ஒரு பரங்கிக்காத் தண்டி இருந்துச்சாம். அப்பறம் முப்பது வருசம் இருந்து என்னைய அடிச்சுச்சு. மாமு கைதேன் நிமிரல, ஹேண்டில்பாரு கணக்கா வளைஞ்சே நின்னுருச்சு. அந்தக் கையப் பாக்குறப்பல்லாம் அம்மா என் மண்டையில நறுக்குன்னு ஒரு குட்டு வைக்கும், "ஒன்னாலதான்டி"ன்னு. மாமு எந்திரிச்சு வெளிய போயிருவாரு. மறுநா எனக்கு மட்டும் வாடகையில்லாம சைக்கிளு.

தானா விழுந்தா தோத்தவன், புள்ளையக் காப்பாத்த விழுந்தா நல்லவன்னு மாமு ஓட்டிக்கிட்டே யோசிச்சிருக்காரு. அது எனக்குப் பெரியவளானப்பறம் புரிஞ்சுச்சு. பவுடரு வெவகாரம் அதுக்கும் ரொம்பப் பின்னாடிதேன். சனம் நம்மளக் கடைசியாப் பாக்குறது நல்லாப் பாத்துட்டுப் போகட்டும்னு அம்மா நெனச்சிருக்கு. வசூலுக்குப் போகல அது, சொல்லிட்டு வரப் போயிருக்கு. நான் என்னடான்னா, பாதி டப்பாவக் காலி பண்ணிட்டோமே, அடி விழுமேன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்.

லாரி போன மறுநா காலையில அக்கம்பக்கத்துப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் எங்க வாசல்ல. தோடு குடுத்தவ நிக்கிறா. அந்த எட்டணா மீசைக்காரரும் தெரு ஓரமா நின்னு காதத் தீட்டிக்கிட்டு இருக்காரு. அம்மாவுக்கு இன்னும் கத்தி வைக்கல. "ஏன்டி குறுக்க ஓடுனே? ஆராச்சும் சொல்லிக் குடுத்தாகளா?"ன்னு ஒருத்தி என் கையப் புடிச்சு முறுக்குறா.

நான் மீசைக்காரரப் பாத்தேன். மூக்க உறிஞ்சிக்கிட்டேன்.

"சும்மாதேன். சைக்கிளு நிக்குதான்னு பாத்தேன்"னேன்.